உள்மூலையில் மாட்டிக்கிட்ட கட்டர்

டிஸ்கி முதல்லயே: இது கூலண்ட் வாசனை அடிக்கிற பதிவு. சினிமா, அரசியல் எதிர்பார்த்து வந்தவங்க அப்படியே நகர்ந்துடலாம், கோவிச்சுக்க மாட்டேன். :-)

நான் படிச்சது மெக்கானிக்கல். தட்டுறது பொட்டி. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு, அதுலதான் ஆறு வருஷமா குடியிருக்கேன். பழைய மில்லிங் மெஷின்களுக்குப் புது கன்ட்ரோலர் மாட்டிக் குடுக்கற ஒரு சின்ன கம்பெனியில சாஃப்ட்வேர் எழுதற வேலை. சொந்தக்காரங்க யாராவது "தம்பி எந்த ஐடி கம்பெனி?"ன்னு கேட்டா பதில் சொல்லி முடிக்கறதுக்குள்ள காபி ஆறிடும்.

சொல்ல வந்த விஷயம் கட்டர் காம்பன்சேஷன். தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. ட்ராயிங்ல இருக்கற கோடு வேற, கட்டரோட நடுப்புள்ளி ஓட வேண்டிய கோடு வேற. 10 மி.மீ. எண்ட் மில் போட்டா நடுப்புள்ளி சுவரிலிருந்து 5 மி.மீ. தள்ளியே ஓடணும். இந்தத் தள்ளுற கணக்கைப் புரோகிராம் எழுதறவர் போட வேண்டாம், மெஷினே போட்டுக்கும். ஜி41னா இடதுபக்கம் தள்ளு, ஜி42னா வலதுபக்கம், ஜி40னா போதும் நிறுத்து. எவ்வளவு தள்ளணும்ங்கறது ஆஃப்செட் டேபிள்ல டி நம்பரா இருக்கும். கட்டர் தேய்ஞ்சா, இல்ல வேற சைஸ் கட்டர் போட்டா, ஆபரேட்டர் அந்த நம்பரை மட்டும் மாத்தினாப் போதும். புரோகிராமைத் தொட வேண்டியதில்ல. இந்த ஏற்பாட்டோட அழகே அதுதான். வில்லங்கமும் அங்கதான் ஆரம்பிக்குது, ஏன்னா புரோகிராம் எழுதினவர் ஒருத்தர், நம்பர் தட்டுறவர் இன்னொருத்தர். எழுதினவர் நிம்மதியா தூங்கிட்டிருக்கற நேரத்துலதான் இவர் தட்டுவார்.

வெளிமூலையில பெரிய பிரச்சனை கிடையாது. கட்டர் சுத்திக்கிட்டுப் போயிடும். உள்மூலைதான் தலைவலி. ஒரு சதுர டப்பாக்குள்ள வட்டமான டம்ளரை வெச்சு மூலைக்குத் தள்ளிப் பாருங்க. ரெண்டு சுவரையும் தொடும், மூலையைத் தொடாது. 5 மி.மீ. ஆரமுள்ள கட்டர் 90 டிகிரி மூலையில நின்னா, மூலைப் புள்ளிக்கும் கட்டருக்கும் நடுவுல 2.07 மி.மீ. மெட்டல் மிச்சம் நிக்கும். ஆரத்தை 0.414ஆல பெருக்கினா வர்ற கணக்கு. இதை உலகத்துல எந்தக் கன்ட்ரோலரும் மாத்த முடியாது. மாத்த முடியாததை எப்படிச் சொல்றாங்க, இல்ல எப்படிச் சொல்லாம விடறாங்கங்கறதுதான் என் சண்டை.

ஒரு வேடிக்கை சொல்றேன். ட்ராயிங்ல அந்த மூலை கூர்மையா இருக்குன்னு வைங்க, அதாவது ரெண்டு நேர்க்கோடு சேர்ற இடம். 10 மி.மீ. கட்டரோட ஜி41 போட்டு ஓட்டினா கன்ட்ரோலர் ரெண்டு கோட்டையும் 5 மி.மீ. தள்ளும், வெட்டிக்கற புள்ளியைக் கண்டுபிடிக்கும், அங்க போய்த் திரும்பும். அலாரம் கிடையாது. 2.07 மி.மீ. மெட்டல் நிக்குது, ஒரு வார்த்தை கிடையாது. இப்போ அதே மூலையில ட்ராயிங்காரர் புண்ணியத்துல ஆரம் 4னு ஒரு வளைவு இருக்குன்னு வைங்க. வெறும் 1 மி.மீ. வித்தியாசம். மூலையில நிக்கப்போற உபரி மெட்டல் 0.41 மி.மீ.தான். ஆனா இப்போ மெஷின் நின்னுடும். ஃபேனக்னா 041, வெட்டக்கூடாததை வெட்டிடுவேன்னு அலாரம்.

2.07க்கு வாயே திறக்காத மெஷின் 0.41க்குக் கூப்பாடு போடுது. ஏன்? கோடும் கோடும் தள்ளினா வெட்டுப்புள்ளி கிடைக்குது, கணக்கு முடிஞ்சுது. 4 ஆர வளைவை உள்பக்கமா 5 தள்ளினா ஆரம் மைனஸ் 1. கணக்கு உதைக்குது. அதனால அலாரம். இதுல ஜாபைப் பத்தின அக்கறை எதுவுமில்ல மக்களே. கணக்கு இடிச்ச இடத்துல அலாரம், இடிக்காத இடத்துல மௌனம். அவ்ளோதான்.

தினப்படி அவஸ்தை இன்னொண்ணு இருக்கு. ட்ராயிங்ல மூலை ஆரம் 5, கட்டர் 10 மி.மீ. சரியா உக்காரும். ஃபினிஷிங்குக்குக் கொஞ்சம் மெட்டல் விடலாம்னு ஆபரேட்டர் முதல் ரவுண்டுக்கு டி நம்பரை 5.2னு தட்டுவார். ஊரு உலகம் முழுக்க எல்லாரும் பண்றதுதான். வளைவு 5, கட்டர் 5.2, உதைச்சுது. மூலையில 0.08 மி.மீ. அதிகமா நிக்கப்போகுதுங்கறதுக்காக மெஷின் வேலைநிறுத்தம். அதையும் ஃபினிஷிங் ரவுண்டுல எப்படியும் எடுக்கத்தான் போறோம்! இதுக்குப் பயந்தே சில பேர் புரோகிராம்ல வளைவைத் தூக்கிட்டுக் கூர்மூலையா எழுதிடறாங்க. அப்போ அலாரமும் வராது, ட்ராயிங்ல அந்த மூலைக்கு என்ன ஆரம் கேட்டிருந்தாங்கங்கற தகவலும் புரோகிராமை விட்டுப் போயிடும்.

இன்னும் மோசம், பொய் நம்பர். ராத்திரி ரெண்டு மணி, அலாரம் போகமாட்டேங்குது, புரோகிராமர் போன் எடுக்கல. டி நம்பரை 5லேர்ந்து 3.9க்குக் குறைச்சா அலாரம் போயிடும். உள்ள சுத்துறது என்னமோ 5 ஆரக் கட்டர்தான். எல்லாச் சுவரும் 1.1 மி.மீ. உள்ள போயிடும். மிச்சம் நிக்கற மெட்டலை அப்புறமா எடுத்துக்கலாம், வெட்டின மெட்டலை யாரு ஒட்டறது? ஃபேனக்ல இந்தச் சோதனையையே அணைச்சு வைக்க பாராமீட்டரும் இருக்கு. ஒருத்தர் ஒரு ஜாபுக்காக அணைச்சுட்டுப் போனா அடுத்து வர்றவருக்கு அது அணைஞ்சிருக்குன்னே தெரியாது.

சரி, மத்த கம்பெனிக்காரங்க என்ன பண்றாங்க? சீமென்ஸ் சினுமெரிக்ல சிடிஆன்னு ஒரு கட்டளை. அதைப் போட்டா கொஞ்சம் பிளாக்குகளை முன்கூட்டியே பார்த்து, கட்டர் நுழையாத சந்தை விட்டுட்டு அடுத்த வெட்டுப்புள்ளிக்குப் போகும், அலாரமும் குடுக்கும். ஹைடன்ஹைன்ல எம்120. அதோட எல்ஏன்னு எண் குடுத்தா 99 பிளாக் வரைக்கும் முன்னாடி பார்த்து, கட்டர் காயப்படுத்தக்கூடிய இடத்தைத் தொடாமப் போகும். அந்த மேனுவல் படத்துல தொடாம விட்ட இடத்தைக் கறுப்படிச்சுக் காட்டியிருப்பாங்க. எனக்குப் பிடிச்ச படம் அது. மேனுவல்ல இருக்கற அந்தக் கறுப்பு மெஷின் ஸ்கிரீன்ல அந்த நேரத்துல கண்ணுல அறையற மாதிரி வரணுங்கறதுதான் நான் கேக்கறது.

அமெரிக்காவோட நிஸ்ட் ஆராய்ச்சி நிலையம் 2000ல ஒரு ஜி கோடு இன்டர்பிரட்டரை ஆவணத்தோட வெளியிட்டாங்க. இன்னைக்கு இருக்கற லினக்ஸ்சிஎன்சிக்கு அதுதான் மூதாதை. அது காம்பன்சேஷன் ஓடும்போது உள்பக்கக் கூர்மூலை வந்தாலே பிழைன்னு நின்னுடும். வேணும்னா கட்டரை விடப் பெரிய வளைவு ஒண்ணு போட்டு எழுதிக்கோங்கற கறார். காலேஜ் ப்ராஜெக்டுக்காக அந்தக் கோடைப் படிச்சப்போ "என்னடா இது, சாதாரண மூலை கூடத் திரும்பத் தெரியல"ன்னு சிரிச்சோம். பின்னாடி வந்த லினக்ஸ்சிஎன்சி பதிப்புகள்ல அந்தத் தடை போயிடுச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். இப்போ யோசிச்சா, இந்த விஷயத்துல ஒரே நியாயம் பேசினது அந்தப் பழைய கோடுதான்னு தோணுது. ஆரம் 4ல கட்டர் நுழையாதுன்னா ஆரம் 0லயும் நுழையாது. ரெண்டுக்கும் ஒரே பதில். வேலைக்கு ஆகாத அளவு கண்டிப்பு, ஒத்துக்கறேன். ஆனா ஆளைப் பார்த்து மாத்திப் பேசல.

இவ்ளோ பேசறியே, நீ எழுதின கோடு என்ன பண்ணுச்சுன்னு கேக்கறீங்களா? அதுக்குத்தான் இந்தப் பதிவே.

வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது வருஷம் எங்க கன்ட்ரோலரோட காம்பன்சேஷன் பகுதி என் தலையில விழுந்துச்சு. நான் புத்திசாலி இல்லையா, "நம்ம மெஷின் இப்படி மூலைக்கு மூலை நிக்கக் கூடாது"ன்னு முடிவு பண்ணேன். நுழையாத துண்டுகளைக் கண்டுபிடிச்சுத் தூக்கிட்டு, அக்கம்பக்கத்துக் கோடுகளை ஒட்டிட்டு, நிக்காமப் போற மாதிரி எழுதினேன். டெமோவுல எல்லாரும் கை தட்டினாங்க. தூக்கினதை ஒளிக்கவும் இல்ல, லாக் ஃபைல்ல ஒரு வரி எழுத வெச்சேன்.

கணபதி பக்கம் ஒரு ஜாப் வொர்க் ஷாப்ல எங்க கன்ட்ரோலர் ஓடிட்டிருந்துச்சு. அலுமினிய மூடி. நடுவுல பாக்கெட், மூலையெல்லாம் ஆரம் 6. ஒரு சுவருல 9 மி.மீ. அகலத்துக்கு ஒரு ஸ்லாட், அதுலதான் கிளிப் உக்காரணும். புரோகிராம் 8 மி.மீ. கட்டருக்கு. முதல் பீஸ் இன்ஸ்பெக்‌ஷன் ஓகே. நைட் ஷிஃப்ட்ல அந்த 8 மி.மீ. கட்டர் உடைஞ்சிருக்கு. கையில இருந்தது 10. ஆபரேட்டர் தப்பா ஒண்ணுமே பண்ணல. கட்டரை மாத்தினார், டி நம்பரை 5னு தட்டினார், ஓட்டினார். காம்பன்சேஷன்னு ஒண்ணு இருக்கறதே இதுக்குத்தானே?

9 மி.மீ. ஸ்லாட்டுக்குள்ள 10 மி.மீ. கட்டர் போகாது. என் கோடு அந்த மூணு கோட்டையும் தூக்கிட்டு, இந்தப் பக்கச் சுவரையும் அந்தப் பக்கச் சுவரையும் நேரா சேர்த்துடுச்சு. மெஷின் நிக்கல, திணறல, சத்தம் கூட மாறல. கூலண்ட் தெறிக்கற கதவுக்குப் பின்னாடி விடியவிடிய 36 மூடி, ஒண்ணுல கூட ஸ்லாட் இல்லாம, சும்மா பளபளன்னு வந்திருக்கு. காலையில அப்படியே அனோடைசிங் போயிடுச்சு. பார்ட்டி அசெம்ப்ளிக்கு எடுத்தப்போதான் கிளிப் உக்கார இடமே இல்லைன்னு தெரிஞ்சிருக்கு.

செட்டர் அண்ணன் போன் பண்ணார். அம்பது வயசு, மெஷின் சத்தத்தை வெச்சே கட்டர் மழுங்கினதைச் சொல்ற ஆளு.

"ஏந்தம்பி, அந்த ஸ்லாட்டு எங்கீங்க போச்சு?"

"லாக்ல வந்திருக்கும் பாருங்கண்ணா."

"லாக்குங்கறது எங்கீங்க இருக்கு?"

எனக்குப் பதில் வரல. அது மெஷினுக்குள்ள ஒரு ஃபோல்டர்ல இருந்துச்சு. போய்ப் பார்த்தேன். "3 துண்டுகள் நீக்கப்பட்டன"ன்னு 36 தடவை எழுதியிருந்துச்சு. அதைப் படிச்ச முதல் மனுஷன் நான்தான்.

அந்த ஆபரேட்டர் பையனுக்கு ரெண்டு நாள் சம்பளம் பிடிச்சுட்டாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. 10 கட்டர் போட்டது அவன்தானேங்கறது அவங்க கணக்கு. நான் நேர்ல போய் ஓனர்கிட்ட இது என் கோடோட தப்புன்னு சொன்னேன். "பாத்துக்கலாங்க"ன்னாரு. பிடிச்ச காசைத் திருப்பிக் குடுத்தாங்களான்னு கேக்க எனக்கு இன்னைக்கு வரைக்கும் வாய் வரல. :-(

அன்னைலேர்ந்து என் கட்சி மாறிடுச்சு. நின்னு அழற கன்ட்ரோலரும் வேண்டாம், சிரிச்சுக்கிட்டே முழுங்கற கன்ட்ரோலரும் வேண்டாம்.

வெட்டக்கூடாததை வெட்டறதுங்கற பேச்சே இருக்கக் கூடாது. இதுல யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்காது. ஆனா மெட்டல் மிச்சம் நிக்கப்போகுதுன்னா அதை மெஷின் முடிவு பண்ணக் கூடாது. எவ்வளவு நின்னாப் பரவாயில்லைன்னு ட்ராயிங் பார்த்தவர் புரோகிராம்லயே எழுதணும். மூலையில 0.1 வரைக்கும் நிக்கலாம்னு அவர் எழுதியிருந்தா அந்த 5.2 ஆஃப்செட் கேஸ் சத்தமில்லாம ஓடட்டும். எழுதலைன்னா கேட்டாகணும். வளைவா இருந்தாலும் கூர்மூலையா இருந்தாலும் ஒரே சட்டம். முக்கியமா அந்த அனுமதி புரோகிராம்ல இருக்கணும், எங்கயோ பாராமீட்டர் பக்கத்துல ஒளிஞ்சிருக்கக் கூடாது. அப்பதான் புரோகிராமை எடுத்துப் பார்க்கற எவருக்கும் யாரு என்ன ஒத்துக்கிட்டாங்கன்னு தெரியும்.

கேக்கறதும் எப்போ கேக்கணும்? பாதி வெட்டுல இல்ல. கட்டர் சுவரை ஒட்டி நின்னு சுத்தினா அந்த இடத்துல தழும்பு விழும், ஜாப் அங்கயே போச்சு. செட்டர் அண்ணனோட முதல் எதிர்ப்பே அதுதான்: "நடுவுல நிக்கறதுக்கு நிக்காமயே போயிரலாமுங்க." அவர் சொல்றது சரி. அதனால ஸ்பிண்டில் சுத்தறதுக்கு முன்னாடியே, இப்போ டேபிள்ல இருக்கற டி நம்பரோட முழு புரோகிராமையும் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கணும். டி நம்பரை மாத்தினா மறுபடியும் பார்க்கணும். ரெண்டு மூணு பிளாக் முன்னாடி பார்த்ததெல்லாம் மெமரி தங்கம் விலை வித்த காலத்துக் கதை. இன்னைக்கு அந்தச் சாக்கு செல்லாது.

செல்ற சாக்கு ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடறேன். ப்ரோப் வெச்சு அளந்து, அந்த அளவை வெச்சுப் பாதையை மாத்தற மேக்ரோ புரோகிராம்களை முன்கூட்டி முழுசா பார்க்க முடியாது. அங்க ஓட ஓடத்தான் பார்க்கணும், நிக்க வேண்டி வந்தா சுவரை விட்டு விலகி நிக்கணும். இதை நான் இன்னும் ஒழுங்கா எழுதி முடிக்கல.

ஃபீட் பத்தியும் கொஞ்சம் பொலம்பிக்கறேன், ஏன்னா உள்மூலையில பாதையைச் சரியாக் கணக்குப் போட்டுட்டு வேகத்தைக் கோட்டை விடற கேஸ் நிறைய. எஃப் 600னு குடுத்தா அது யாரோட வேகம்? நடுப்புள்ளியோடதா, வெட்டற விளிம்போடதா? நேர்க்கோட்டுல ரெண்டும் ஒண்ணு. ஆரம் 6 உள்வளைவுல 5 ஆரக் கட்டர் போகும்போது நடுப்புள்ளி ஓடறது 1 மி.மீ. ஆர வட்டத்துல. நடுப்புள்ளிக்கு 600 குடுத்தா சுவர் ஓரத்துல 3600. ஆறு மடங்கு! இது போதாதுன்னு மூலையில கட்டரைச் சுத்தி மெட்டலும் கூடிடும். ஃபினிஷிங்குக்கு 1 மி.மீ. விட்டிருந்தா நேர்ச் சுவருல கட்டரோட 37 டிகிரிதான் மெட்டலுக்குள்ள இருக்கும். கூர்மூலைக்கு வந்து நிக்கறப்போ 127 டிகிரி. மூலையில வர்ற அந்தக் கிரீச் சத்தம் இதுதான். பாதி கட்டர் உடையறது இங்கதான்னு செட்டர் அண்ணன் சொல்வார். அந்த 8 மி.மீ. கட்டர் கூட இப்படித்தான் உடைஞ்சிருக்கும்னு எனக்கு ஒரு சந்தேகம்.

இதுக்கு மருந்து இருக்கு. ஃபேனக்ல ஜி62 உள்மூலையை நெருங்கும்போது வேகத்தைக் குறைக்கும். ஹைடன்ஹைன்ல எம்110 உள்வளைவுக்கு மட்டும் விளிம்பு வேகத்தைக் காப்பாத்தும், சீமென்ஸ்ல அதே வேலைக்கு சிஎஃப்இன். ஆனா பல இடத்துல ஞாபகம் வெச்சு எழுதினாத்தான் வேலை செய்யும். எழுதாட்டியும் இருக்கணும், வேண்டாம்னு நினைக்கறவர் எழுதி நிறுத்திக்கட்டும். உள்பக்கம் குறைக்க மட்டும்தான் சொல்றேன். வெளிவளைவுல கூட்டப் போனா சின்ன மூலையில கட்டர் பறக்கும், அது வேற வம்பு.

"தம்பி, ஸ்கிரீன்ல எதாச்சும் வந்தா பசங்க ரீசெட் அடிச்சுட்டுப் போயிட்டே இருப்பானுங்க"ன்னு அண்ணன் இன்னொரு நியாயமும் சொன்னார். மறுக்க முடியல. 041னு நம்பர் வந்தா நானே அடிப்பேன். அதனால என்ன எழுதறோம்ங்கறது முக்கியம். எந்த வரி, எவ்வளவு மெட்டல் நிக்கும், எந்த சைஸ் கட்டர் போட்டா நிக்காது. இந்த மூணும் தமிழ்ல. இங்க்லீஷ் மெசேஜை நாங்க எழுதினது எங்களுக்காக, அங்க நிக்கறவருக்காக இல்ல.

போன வாரம் புது பதிப்பை எடுத்துட்டு அதே ஷாப்புக்குப் போனேன். வேற ஜாப், மூலை ஆரம் 4. வேணும்னே 10 மி.மீ. கட்டர் போட்டு டி நம்பரை 5னு தட்டி சைக்கிள் ஸ்டார்ட் அமுக்கினோம். ஸ்பிண்டில் சுத்தல. "வரி 240, உள்மூலை ஆரம் 4. மிச்சம் நிற்பது 0.41. கட்டர் 8 வரைதான் நுழையும்"னு வந்துச்சு. அண்ணன் கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சார். ஒண்ணும் சொல்லல. ட்ராயரை இழுத்து 8 மி.மீ. கட்டரைத் தேட ஆரம்பிச்சார். கடைசியில ஒரு 6 மி.மீ.தான் கிடைச்சுது, அதைப் போட்டு ஓட்டினோம்.